முப்பத்திரண்டு எழுத்தில் அடங்காத மனிதர்

சிங்கப்பூரில் தன் பெயரைச் சொல்லியே ஒரு கம்ப்யூட்டரை மயக்கம் போட வைத்த மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. எங்கள் ஆபீஸில் எனக்கு அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'முழுப்பேர் அண்ணன்'.

ஊர்ப்பெயர், தாத்தா பெயர், அப்பா பெயர், சொந்தப் பெயர் என்று அது எம்.ஆர்.டி. ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகும். சுருக்கிச் சொல்லவே மாட்டார். சிராங்கூன் ரோடு சாப்பாட்டுக் கடையில் வரிசைக்குப் பெயர் கேட்டாலும் முழுசாகத்தான் சொல்வார். கடைக்காரர் அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பம் உட்கார்ந்து, ரசம் வரைக்கும் வந்திருக்கும்.

"பாதியோட நிறுத்துங்களேண்ணே" என்பேன்.

"எங்கப்பா யோசிச்சு வச்ச பேருப்பா. நறுக்குறதுக்கு அது என்ன வெண்டைக்காயா?"

கடைகள், கிளினிக்குகளின் நெட்வொர்க்கைக் கண்காணிப்பது எங்கள் வேலை. அதற்கென்று ஒரு மென்பொருள். திரை நிறையப் பச்சை விளக்கு. எங்காவது லைன் செத்தால் சிவப்பு எரியும். புதிதாக வாங்கிய அந்த மென்பொருளில், 'பொறுப்பாளர் பெயர்' என்ற கட்டத்தில் ஒரு திங்கட்கிழமை அண்ணன் தன் பெயரை அடித்து என்டர் தட்டினார். அவ்வளவுதான், திரை கருப்பாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து செங்காங் கிளினிக்கில் லைன் போய், எங்களுக்குத் தெரியாமலே நோயாளிகள் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தார்கள்.

மென்பொருள் விற்றவர்கள் கையை விரித்தார்கள். முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் அடித்தது அவர் தப்பாம். மேனேஜர் கலா கொதித்துப் போனார்.

"'என் தப்புதான்'னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லேன்னா உங்க கான்ட்ராக்ட் ரினியூ பண்ண முடியாதுண்ணே."

ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை எங்கே கிடைக்கும்? அண்ணனோ, "பேரச் சொன்னது ஒரு தப்பாம்மா?" என்று கேட்டுவிட்டு, மிச்ச நாளெல்லாம் அதே மென்பொருளை ஏற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தார்.

வெள்ளிக்கிழமை, விற்ற கம்பெனி இன்ஜினியரும் கலாவும் பார்க்க, அந்தக் கம்ப்யூட்டரில் அதே கட்டத்தில் தன் பெயரை அடித்தார். அதன் பின்னால் என்னென்னவோ எழுத்துகளைச் சேர்த்தார். என்டர். இந்த முறை திரை கருப்பாகவில்லை. கால்குலேட்டர் ஒன்று தானாகத் திறந்து வந்து நின்றது!

"கோப்பையில அடங்காத தே தாரிக் டீ பக்கத்து ஆள் மடியில ஊத்துதுல்ல? அதான் இது. எடம் பத்தாம வழியுற எழுத்து பக்கத்துல போய் விழுந்து, கட்டளையா மாறிடுது. இந்த சாஃப்ட்வேர் அளந்தே பாக்கல. நான் கால்குலேட்டரத் தெறந்தேன். கெட்டவன் வந்தா கிளினிக் ஃபைல் பூரா தெறப்பான் லா."

இன்ஜினியர் அவசரமாகத் தன் கம்பெனிக்குப் போன் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு மூளையை நான் பார்த்ததே இல்லை. கலா புது கான்ட்ராக்ட்டைக் கொண்டுவந்து, அண்ணனின் பெயரைத் தன் கையாலேயே முழுசாக எழுதினார். இரண்டு வரி பிடித்தது.

மென்பொருளில் இருந்த அந்த ஓட்டையை அடைத்த பிறகு, கண்டுபிடித்தவருக்குத் தன் அறிவிப்பில் நன்றி போட அந்தக் கம்பெனி பெயர் கேட்டது. சுருக்கமாக வேண்டும் என்றது. "அப்ப நன்றியே வேணாம்" என்றுவிட்டார் அண்ணன்.

அந்தப் பெயர் எனக்கு இப்போது மனப்பாடம். எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பத்திரிகை ஆசிரியர் கொடுத்த பக்கத்தில் இடம் போதவில்லை. பாதியில் நறுக்க எனக்கு மனசு வரவில்லை.