ஊதுங்கோ அண்ணைக்குச் சிவப்பு எரிந்த காலை

பிள்ளையாரே லொறி ஓட்ட வந்திருந்தாலும், அவருடைய தும்பிக்கையைப் பிடித்துக் குழாயில் வைத்து "ஊதுங்கோ" என்று சொல்லியிருக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊதுங்கோ அண்ணை.

தொண்ணூறுகளில், லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில், அரிசி, மா, தேங்காய் ஏற்றி இறக்கும் லொறி யார்ட் ஒன்று இருந்தது. முதலாளி எங்கள் ஆள். நான் அங்கே கன்ரீனில் தேநீர் போட்டேன். என் தம்பி சிவா லொறி ஓட்டினான். குடித்துவிட்டு ஓட்டிய ஒருவன் பாலத்துச் சுவரை இடித்த பிறகு, இன்சூரன்ஸ்காரர் முதலாளியைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து, காலையில் குடித்ததைக் காட்டும் மெஷினில் ஊதாமல் யாருக்கும் லொறித் திறப்பு, அதாவது சாவி, இல்லை. பச்சை விளக்கு எரிந்தால் லொறி, சிவப்பு எரிந்தால் வீடு. மெஷினையும் திறப்புகளையும் வைத்துக்கொண்டு வாசல் கொட்டிலில் இருந்தவர்தான் அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருக்கும். வெள்ளைக்கார டிரைவர்மார்கூட அவரைக் கண்டால் "குட் மோர்னிங்" சொல்வதில்லை, "ஊதுங்கோ" என்றுதான் சொல்வார்கள்.

அண்ணையின் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நிரந்தர வேலை இருந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். அதனால் அந்த மெஷின்தான் அவருக்குச் சுவாமி. காலையில் அதற்குத் திருநீறு பூசி, முதல் ஊத்தைத் தானே ஊதுவார். சரஸ்வதி பூசையன்று சந்தனப் பொட்டும் வைப்பார். அன்று முழுக்க வெள்ளைக்காரர் மூக்கு நுனியில் சந்தனத்தோடு லொறி ஓட்டுவார்கள்.

ஒருமுறை புது லொறிக்குப் பூசை செய்து, சக்கரத்தடியில் எலுமிச்சங்காய் வைக்கக் கோயில் ஐயர் வந்தார்.

"ஊதுங்கோ ஐயா."

"நான் லொறி ஓட்டேல்லையே!"

"தேசிக்காய்க்கு மேல ஏத்து எண்டு சொல்லுறது நீங்கள்தானே? வழி காட்டுறவரும் ஊதவேணும்."

ஐயர் ஊதினார். பச்சை எரிந்த பிறகுதான் தேங்காய் உடைந்தது.

என் தம்பியையும் அவர் விடவில்லை. விருந்துக்குப் போய்வந்த மறுநாள் சிவாவுக்குச் சிவப்பு எரிந்தது.

"அண்ணை, கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா ஊதுறன்."

"ஆளுக்கு ஒரு ஊத்துத்தான்."

"உங்கட மகனெண்டால்?"

"மகனெண்டால் காதைப் பிடிச்சு அனுப்பியிருப்பன். நீர் தம்பி. கையைப் பிடிச்சு அனுப்புறன்."

சொன்னபடியே கையைப் பிடித்துக் கொண்டுபோய் பஸ் தரிப்பில் விட்டார். "ஒரு நாளைக்கு நீங்களும் மாட்டுவியள், பாருங்கோ!" என்று சிவா கத்தினான். அதன்பிறகு அவரோடு கதைக்கவில்லை. ஊதுவதோடு சரி.

பிறகு ஒரு மாரிகாலம், வாசல் குளிரில் நின்று நின்று அண்ணைக்கு இருமல் பிடித்தது. ஐயர்தான் இரங்கி, புளிக்கவைத்த ஆயுர்வேத மருந்தான அரிஷ்டம் ஒரு போத்தல் கொடுத்தார். காலையில் மூடியில் வார்த்துக் குடித்துவிட்டு, அந்த வாயோடே மெஷினுக்குத் திருநீறு பூசி, முதல் ஊத்தை ஊதினார் அண்ணை.

சிவப்பு.

"ஐயர் பழி வாங்கிப்போட்டாரடா!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. திறப்புகள் எல்லாவற்றையும் முதலாளி கையில் கொடுத்தார்.

"நான் போறன் முதலாளி. இனி வரமாட்டன்."

"அரிஷ்டம்தானே அண்ணை! பிள்ளைப்பெத்த பெண்டுகள் குடிக்கிறது."

"மெஷினுக்குப் பிள்ளைப்பேறு தெரியாது. எனக்கே சிவப்பு எரிஞ்சால், நாளைக்கு ஆர் எனக்கு ஊதுவான்?"

"அப்ப மனுசி பிள்ளையை எப்பிடிக் கூப்பிடுவியள்?"

அண்ணை கழுத்தில் மப்ளரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். நான் தேநீரோடு யன்னலில் நின்றேன். அவரோடு நேரே ஒரு வார்த்தை கதைத்தவள் அல்ல நான். கோப்பையை வைத்துவிட்டு ஓடிவிடுவதுதான் என் வழக்கம். அன்று ஓடவில்லை.

சிவா முன்னால் வந்தான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"இன்னொருக்கா ஊதுங்கோ அண்ணை."

"ஆளுக்கு ஒரு ஊத்து."

"இண்டையிலயிருந்து ஆளுக்கு ரெண்டு."

"எனக்காகச் சட்டத்தை மாத்தக்கூடாது."

"உங்களுக்காக ஆர் மாத்தினது? எனக்காக. எனக்கும் இருமல் வராதோ?"

கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொட்டிலில் இருத்தினான். நான் சுடுதண்ணீர் கொடுத்தேன். அண்ணை வாயைக் கொப்பளித்தார். ஒரு பானை சோறு வடிக்கிற நேரம் காத்திருந்தோம். ஒரு லொறியும் அசையவில்லை. சாமானுக்குக் காத்திருந்த கடைக்காரர் டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தார்கள், முதலாளி எடுக்கவில்லை. நேரம் வந்தபோது, அண்ணைக்குச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"ஊதுங்கோ அண்ணை," என்றேன்.

ஊதினார். பச்சை!

வெள்ளைக்காரர் தொப்பிகளை எறிந்து "ஊதுங்கோ! ஊதுங்கோ!" என்று கத்தினார்கள். அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினைக் கையில் எடுத்தார். "சரி சரி, வரிசையில வாங்கோ." முதலில் போய் நின்றவன் சிவா.

அன்றிலிருந்து சிவப்பு எரிந்தால், வாயைக் கொப்பளித்து, காத்திருந்து, இன்னொரு ஊத்து. எல்லாருக்கும்.

பிறகு மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்திலிருந்து அவர்களைக் கூட்டிவர வான் கொண்டுபோனவன் சிவாதான். மனைவி முன்னால் நிற்க, மகள் முன்னால் நிற்க, அண்ணை பொக்கற்றுக்குள்ளிருந்து மெஷினை எடுத்தார். "ஊதும் தம்பி."

இப்போது அண்ணை இல்லை. லொறி ஓட்டிய சிவாவுக்கும் தலை நரைத்துவிட்டது. என்றாலும் காரில் ஏறுமுன், திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் காற்றில் ஒருமுறை மெல்ல ஊதிவிட்டுத்தான் ஏறுகிறான். நான் பார்க்காதமாதிரி இருந்துவிடுவேன்.