அஷ்டமியில் ஆபரேஷன் வேண்டாம்

என் டைரியில், ரங்கநாதன் தெருவுக்குப் போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே ஒரே வரிதான் இருக்கிறது: "மாமா ஆபரேஷன் நல்ல நாளுக்கு மாற்றப்பட்டது." 'நல்ல' என்பதற்கு அடியில் சிவப்பு மையில் கோடு. போட்டவன் நான்தான். ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் எது எப்போது நடந்தது என்று எழுதி வைப்பது என் வேலை. ஃபிரிட்ஜ் வாங்கிய நாள், மகளுக்கு முதல் பல் விழுந்த நாள், மாடி வீட்டுக்காரர் கடைசியாகச் சிரித்த நாள் எல்லாம் என்னிடம் உண்டு. அதனால், ஊரில் மாமனாருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தபோது, மயிலாப்பூரில் இருக்கும் என் எண்ணையே எழுதச் சொன்னேன். (மாமா தன் போனைச் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அணைத்தே வைத்திருப்பார்.)

பெயர் கொடுத்தது தீபாவளிக்கு முன்னால். பொங்கல் வந்து போனது. பங்குனியும் முடிந்தது. அந்த ஆபரேஷனுக்கு அங்கே ஒரே டாக்டர், பக்கத்து மாவட்டத்தையும் அவரே பார்க்கிறார். மாமாவின் சைக்கிள் சாக்கு போர்த்திக்கொண்டு கொல்லையில் நின்றது. தெருமுனை டீக்கடைக்குக்கூட அவரால் போக முடியவில்லை. ஞாயிறுதோறும் என் மனைவி கலா பேசும்போது அவர் கேட்பது ஒன்றுதான்: "ஆஸ்பத்திரியிலேருந்து மாப்பிள்ளைக்குக் கூப்பிட்டாங்களாம்மா?"

கூப்பிட்டார்கள். நான் அப்போது ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் கல்லா அருகே, கலா புடவை எடுத்து முடிப்பதற்காக நின்றுகொண்டிருந்தேன்.

"சார், சிஸ்டர் பேசுறேன். உங்க மாமாவுக்கு இந்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நாளைக்கே கூட்டிட்டு வந்துடுங்க."

கல்லாவுக்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்கியது. கை தானாகப் போனது. தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அஷ்டமி. போதாததற்கு மாமாவின் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். (எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே!)

"அண்ணே, கிழிச்சுடாதீங்க, முதலாளி திட்டுவாரு" என்றார் கல்லாக்காரர்.

"சிஸ்டர், வெள்ளிக்கிழமை அஷ்டமியாச்சே. அதுக்கடுத்த வியாழன் போடுங்களேன். நல்ல முகூர்த்த நாள்."



"சார், நாங்க மண்டபம் வாடகைக்கு விடலை. வேணாம்னா சொல்லுங்க, அடுத்த ஆளைக் கூப்பிடுறேன்."

"தாராளமா கூப்பிடுங்க" என்றேன், பெருந்தன்மையாக. எங்களுக்கு வியாழக்கிழமை உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, டைரியில் கோடும் போட்டு, கலாவிடம் சொன்னேன். அவள் புடவையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"அவங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டா, நாம எங்க போவோம்?"

திரும்ப அழைத்துக் கேட்டேன். வரிசையில் கடைசிக்குப் போயிருந்தோம்.

மாமாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். திதி, நட்சத்திரம், காரணகாரியம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சரிங்க மாப்பிள்ளே. எனக்கு வலிக்காத நாள் எதுன்னு அந்தக் காலண்டர்ல போட்டிருக்கா?"

மறுநாளே பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். பெயரைச் சொன்னதும் சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்கதானா அந்த முகூர்த்தக்காரர்?"

பக்கத்துக் கட்டிலில் கால் கட்டோடு படுத்திருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது. நான் கெஞ்சினேன்.

"வரிசைன்னா வரிசைதான் சார். யாராவது வராமப் போனா கூப்பிடுறேன். ஆனா நீங்க நாள் பார்க்கக் கூடாது."

"சத்தியமா பார்க்க மாட்டேன்."

ஆடியில் ஒரு நாள் காலை அழைப்பு வந்தது. "சார், நாளைக்கு..." என்று அவர் ஆரம்பித்ததும் "சரி" என்றேன். "எதுக்குச் சரி? இன்னும் நான் சொல்லவே இல்லையே!" "எதுவானாலும் சரி, சிஸ்டர்."

பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். நவமி. செவ்வாய்க்கிழமை. மறுபடியும் அதே சந்திராஷ்டமம். மாமாவை உள்ளே கொண்டுபோனது ராகு காலத்தில். நான் வராந்தாவில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கலா என் பக்கம் திரும்பவே இல்லை.

கார்த்திகையில் மாமா சைக்கிளில் டீக்கடைக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன்: "மாப்பிள்ளே, ஏறி உட்கார்ந்துட்டுத்தான் ஞாபகம் வந்துச்சு, உங்களை ஒரு வார்த்தை கேட்கலையேன்னு."

கலா இந்தக் கதையைத் தெருவுக்கே சொல்லிவிட்டாள். போன வாரம்கூட சிலிண்டர்காரர் வாசலில் நின்று கேட்டார்: "இன்னா சார், உள்ள வெக்கலாமா? நாள் நல்லா கீதா?"

எழுதிவைக்கிறவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மாமாவை வீட்டுக்கு அனுப்பும்போது, யாரோ வராததால்தானே எங்களுக்கு இடம் கிடைத்தது, அவர் ஏன் வரவில்லை என்று சிஸ்டரிடம் கேட்டேன். "நவமியாம், ஆடி மாசமாம், வேற நாள் வேணுமாம்" என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். அப்படி ஒரு குடும்பம் உண்மையிலேயே இருந்ததா, எனக்காக அவர் அங்கேயே உண்டாக்கியதா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.