நரைச்சியின் தலைக்கயிறு

கார்னா,
செப்டம்பர், மழை சற்று விட்ட காலை.

என் அன்புத் தங்கை டிலியாவுக்கு அண்ணன் பார்ட்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பசுவும் மழையும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். ஏரிக்கரை வீட்டில் நீயும் மாப்பிள்ளை கோல்மனும் பேரப்பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

போன மாதம் கிளிஃப்டன் சந்தையில் நம் குதிரை நரைச்சியை மாப்பிள்ளை கையில் கொடுத்தேனே, அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, தலைக்கயிற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். குதிரையை விற்றால் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே நடந்து போய்விடும் என்று இந்தக் கரையில் தவழுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வாங்கி ஊற்றிய கறுப்பு பீர்தான் காரணம்.

அடுத்த வாரமே ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்தால் சுவரோரம் இரண்டு கூடைகள், நிறையக் கடற்பாசி, தண்ணீர் சொட்டச் சொட்ட. உருளைக்கிழங்குக்கு உரமாகப் பாசி போடுகிற மாதமா இது? பக்கத்து வீட்டு ஃபெஸ்டியின் குறும்பென்று சண்டைக்குப் போனேன். "ஏன்யா, எம் பாசியையே நான் சுமக்கிறதில்ல, உம் பாசியைச் சுமக்க வருவேனா?" என்றான். நியாயம்தான். பிறகு சதுப்பில் நான் அடுப்பெரிக்க வெட்டிப் போட்டிருந்த கரிமண் கட்டிகள் தாமாக வந்து வாசலில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினால், கொட்டகையிலிருந்த வண்டி சாலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது, சுற்றிலும் ஈரமண்ணில் குளம்படி. பாதிரியாரிடம் ஓடினேன். "பார்ட்லி, உன் நரைச்சி, ஸ்பெயின் கப்பல் ஒடஞ்சு நீந்தி வந்த குதிரைங்க நம்ம மலைக்குதிரைங்களோட கலந்து வந்த சாதின்னு சொல்லுவாங்க. பாசி, கரி, ஏர், பூசை, பந்தயம், எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். ஆனா இல்லாத குதிரை வேலை செய்யாதுப்பா. குடியைக் கொறை" என்று சிரித்தார். நம் அப்பா சொன்னதோ வேறு, உனக்கும் நினைவிருக்கும். ஏரியிலிருந்து ஏறி வந்த ஒன்றுதான் முதல் குதிரையாம். பிள்ளைகள் ஏற ஏற அதன் முதுகு நீண்டுகொண்டே இடம் கொடுக்குமாம், பிறகு அவர்களோடு தண்ணீருக்குள் இறங்கிவிடுமாம். அதையும் சொல்லி இன்னும் சிரிக்க வைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பயம் அதில்லை டிலியா. நரைச்சி செய்துவந்த வேலையெல்லாம் ஒவ்வொன்றாக நடக்கிறது. மிச்சமிருப்பது என்ன? வண்டி போகாத பாதையில் அம்மாவின் சவப்பெட்டியைச் சுமந்தாளே, அதுதான். இந்த வீட்டில் பெட்டிக்குள் வைக்க என்னை விட்டால் ஆளில்லை, பசுவுக்கு யாரும் பெட்டி செய்வதில்லை. நேற்று பார்க்கிறேன், அந்தப் பெட்டியைக் கட்டிய வடம் பரணிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டு கிடக்கிறது. ஆகவே தலைக்கயிற்றை உடனே தபாலில் அனுப்பு. நரைச்சி உங்களிடமே இருக்கட்டும். சனிக்கிழமை உங்கள் பக்கம் வந்துபோன ஃபெஸ்டிக்கு வாய் ஓயவில்லை. "வேலி தாண்டுது, வண்டி இழுக்குது, அப்படியொரு சாது! நாலு பேரப்புள்ளைங்களும் ஒண்ணா ஏறி உக்காந்திருக்குதுங்க, இன்னும் ரெண்டு பேருக்கு எடமிருக்குய்யா!" என்றான். என்னிடம் இருந்தவரை ஒருவர் ஏறினாலே கடிப்பாள். நீ கொடுத்து வைத்தவள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். புனித பிரிஜித் உங்கள் கூரையையும் கொட்டகையையும் காக்கட்டும்.

உன் அண்ணன்,
பார்ட்லி

பி.கு.: உறையை ஒட்டுமுன் பசுவுக்கு வைக்கோல் போடப் போனேன். கயிற்றை அனுப்ப வேண்டாம். நரைச்சி இங்கே தன் இடத்தில் நிற்கிறாள், தலையில் அதே கயிறு. கிட்டே போனதும் கையைக் கடித்தாள், அவளேதான். வயிற்றில் அப்பியிருக்கும் சேறு காய்ந்து வெகுநாளாகிவிட்டது, உங்களை விட்டு வந்தும் அத்தனை நாள் இருக்கும். பகலில் சதுப்பில் மேய்ந்துவிட்டு இரவில் பாசியும் கரியும் கொண்டுவந்தது இவள்தான் போலிருக்கிறது. அவள் வந்துவிட்டாள், எனக்குப் பயம் போயிற்று என்று எழுத நினைத்தேன். அப்போதுதான் ஃபெஸ்டி சொன்னதும், கூடவே அப்பா சொன்னதும் ஞாபகம் வந்தது. தபால் வண்டிக்காரனைக் கெஞ்சி இதை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். டிலியா, படித்து முடிக்காதே, பிள்ளைகளை அதன் முதுகிலிருந்து இறக்கு.