மூன்று லீற்றர் கவலை

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் கால் வைத்தபோதுதான் சரீபுக்கு உறைத்தது. பழக்கதோசத்தில் பள்ளிவாசல் கழிப்பறைக்குப் போய்விட்டார்!

"போச்சு புள்ள! எல்லாம் போச்சு!"

மனைவி நஸீறா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன போச்சு?"

"மூத்திரம்! இருபத்திநாலு மணித்தியாலமும் அந்த மூணு லீற்றர் கேனுக்குள்ளதான், ஒரு சொட்டு வெளிய போகப்படாதெண்டாங்களே!"

ஆஸ்பத்திரி ஆராய்ச்சி அது. மூளையில் மனத்தெம்புக்கான சரக்கு எரிந்து மிஞ்சும் சாம்பல் சிறுநீரில் வருமாம். அதை அளந்தால் அடுப்பு எரிந்த அளவு தெரியுமாம். தன் அடுப்பு எப்போதோ அணைந்துவிட்டது என்பது சரீபின் முடிவு. சுனாமி வந்து நாலு வருசம். கடல் நஸீறாவின் தங்கச்சியைக் கொண்டுபோனது. சரீபின் புது மோட்டார் சைக்கிளையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து அவருக்குப் பெருமூச்சுத்தான். சாம்பல் குறைவென்று ஒரு கடிதம் கிடைத்தால், பொத்துவில் கந்தோரிலிருந்து கல்முனைக்கு மாற்றம் எடுத்துவிடலாம். நஸீறா நீட்டிய ஆராய்ச்சிப் படிவத்தைக் கண்டதும் கையொப்பம் வைத்தார். வாசித்துவிட்டு வைக்கும் வழக்கம் கந்தோரிலும் அவருக்கில்லை.

மூன்று நாளாக வாழைப்பழம் ஆகாது, அளவு பிழைத்துவிடும். நஸீறாவும் தொடவில்லை. தனக்காகப் பத்தியம் இருக்கிறாள் என்று சரீப் நெகிழ்ந்துபோனார்.

"இஞ்சாருங்க, எனக்கும்..."

"பொறு புள்ள, என்ட தல இடிக்குது."

போனதை ஈடுகட்ட நாலு இளநீர் குடித்தார். பின்னேரம் அஸருக்குள் கேன் கழுத்துவரை நிரம்பிற்று. பொழுதுபட்டு மஃரிபுக்கு இடமில்லை. நல்லவேளை, நஸீறா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது இரண்டு கேன். விறகுக்குப் பின்னால் இருந்த மற்றதைத் தூக்கினார். கனத்தது. மருந்துத் தண்ணியாக்கும்.

"அல்லாஹ்வே! அதுக்குள்ளயா போனீங்க?"

"ஏன், அதுவும் கேன்தானே?"

பதிலுக்கு நிற்காமல் சரீப் படுக்கப் போய்விட்டார்.

விடிந்ததும், "நீ இரி, உனக்கு இதெல்லாம் விளங்காது" என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். சோதனைச்சாவடியில் சிப்பாய் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். அன்று அவன் வேறெவரையும் சோதிக்கவில்லை.

தாதி செல்லத்தங்கம் கேன்களைப் பார்த்தாள். "எது உங்கட?"

"ரெண்டும் என்டதான், மிஸ்ஸி. கவல கூடிப்போச்சு."

அவள் பதிவேட்டைப் புரட்டித் தலையில் கை வைத்தாள்.

"கெடுத்தீங்களே சரீப் காக்கா! மற்றது உங்கட மனுசியிர, அவதான் வருத்தக்காரி. ஒப்பிட்டுப் பாக்க ஒரு கவலையுமில்லாத ஆள் வேணுமெண்டு கேட்டதுக்குத்தான் அவ உங்கட பேரைத் தந்தவ!"