சம்பந்தி வீட்டு டிவியும் என் வாயும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்களை இன்னும் சம்பந்தி என்று அழைக்கலாமா என்று தெரியவில்லை. ‘ஐயா’ என்று தொடங்கினால் கல்யாணத்தை நானே கைகழுவிவிட்டதாக ஆகிவிடும் என்பதால் இப்படியே தொடங்குகிறேன். நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். என் மனைவியும் மகளும் ஒன்பது நாளாக என்னோடு பேசாததால் அவர்கள் சௌக்கியத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை.

அன்று உங்கள் வீட்டில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவும், அதற்கான காரணத்தைச் சொல்லவும்தான் இந்தக் கடிதம். நான் முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். லிஃப்ட் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று உங்களிடம் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன் (நான்கு முறை என்பது என் மனைவியின் வாதம்). இந்தச் சங்கதி எப்படியோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எட்டி, அங்கிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்துவிட்டது.

“மனுஷ மூளை எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சாத்தான், அதே மாதிரி யோசிக்கிற இயந்திரத்தை நாங்க செய்ய முடியும். கோளாறை எப்படி ஐயா கண்டுபிடிக்கிறீங்க?”

“கேட்டா தெரியும்மா.”

“அது எப்படித் தெரியுது?”

“அதான் சொன்னேனே, கேட்டா.”

அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டு, மறுநாளே என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டது. அதில் லிஃப்ட் சத்தம் வரும். “மனசுல ஓடுறதெல்லாம் அப்படியே வாயில வரணும் ஐயா. திருத்தாதீங்க, மறைக்காதீங்க, யோசிச்சுப் பேசாதீங்க” என்றது. கல்யாணமான நாளிலிருந்து இதற்கு நேர்மாறாகத்தான் எனக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஐந்து நொடி நான் வாய்மூடி இருந்தால் எதிரே மேஜையில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். பேசினால் அணையும். தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதம். கடைசியில் சிவப்பாக எதைப் பார்த்தாலும் வாய் தானாகத் திறந்துகொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

பேசியதையெல்லாம் எழுதி எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு நாற்பது நிமிஷத்திலும் லிஃப்ட்டைப் பற்றி நான் யோசித்தது நான்கே நிமிஷம். மீதியெல்லாம் என் முழங்கால் வலி, டீ ஏன் இன்னும் வரவில்லை, இருபது வருஷத்துக்கு முன்னால் என் வேலையைத் தன் வேலை என்று சொல்லிப் பேர் வாங்கிக்கொண்ட ஒரு சூப்பர்வைசர், அப்புறம் மகள் கல்யாணம். எனக்கு மானம் போய்விட்டது. “அதையெல்லாம் வெட்டிடும்மா” என்று கெஞ்சினேன். வெட்டினார்கள். அந்த நான்கு நிமிஷத்தை மட்டும் இயந்திரத்துக்குப் புகட்டினால் அது சொன்ன பதிலெல்லாம் தப்பு. முழுசாகப் புகட்டினால் சரி. “ஏன்னு எங்களுக்கே புரியல ஐயா” என்று அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டது. இப்போது அந்த இயந்திரத்திடம் லிஃப்ட் சத்தத்தைப் போட்டால், முதலில் “டீ இன்னும் வரலையே” என்கிறது, பிறகு சூப்பர்வைசரை ஒரு பாட்டம் திட்டுகிறது, அப்புறம் “மூணாவது மாடிக் கதவு ரோலர் தேஞ்சுபோச்சு” என்று கச்சிதமாகச் சொல்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். என் மூளைக்கு அவ்வளவுதான் மரியாதை.

இந்த லட்சணத்தில்தான் அன்று மறுபடியும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அன்போடு என்னை உட்காரவைத்த இடத்துக்கு நேர் எதிரே, அணைத்துவைத்த உங்கள் டிவிக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் நடந்தது எதுவும் என் கையில் இல்லை, சம்பந்தி. “உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க” என்றீர்கள், “எங்க வீட்டு நாற்காலி இப்படி முதுகைக் குத்தாது” என்றேன். நீங்கள் ஒரு ஜோக் சொன்னீர்கள், சிரித்துக்கொண்டே “இதே ஜோக்குக்கு இது மூணாவது சிரிப்பு” என்றேன். சம்பந்தியம்மா சூப் கொண்டுவந்து வைத்தார்கள், “உப்பே இல்லை, ஆனா சொல்லக்கூடாது, சொல்லக்கூடாதுன்னு வாசல்லயே இவ சொல்லிக் கூட்டிட்டு வந்தா” என்றேன். என் மனைவி மேஜைக்கடியில் காலை மிதித்தாள், “கால மிதிக்கிறா” என்று அதையும் சொன்னேன். அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். மாப்பிள்ளையிடம் சம்பளம், வேலை, விடுமுறை என்று எதைக் கேட்டாலும் அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தார். “பையன் தங்கமான பையன்தான், ஆனா தும்மறதுக்குக்கூட அப்பா முகத்தைப் பார்க்கிறான், நாளைக்கு நம்ம பொண்ணு முகத்தை எப்பப் பார்ப்பான்” என்றேன். “யோசிச்சுச் சொல்றோம்” என்று நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

அன்று முதல் உங்களிடமிருந்து போன் இல்லை. “உங்க ஆராய்ச்சிக்கு என் வாழ்க்கைதான் கிடைச்சுதா, அப்பா?” என்று பஸ்ஸில் கேட்ட மகள், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அவளுக்கு உங்கள் பையனை ரொம்பப் பிடித்திருக்கிறது. என் வாயால் அது கெட்டுவிடக் கூடாது.

நான் சொன்னவை என் கருத்துகள் அல்ல, என் மனத்தில் ஓடியவை மட்டுமே. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருப்பதாக ஆராய்ச்சிக்கூடத்திலேயே சொல்கிறார்கள். மேலும், நான் இப்போது முழுக்கக் குணமாகிவிட்டேன். உங்கள் பெருந்தன்மையை (அது இருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்) நான் என்றும் மறக்கமாட்டேன். உங்கள் குடும்பத்தோடு உறவு கொள்வது எங்கள் பாக்கியம் (பாக்கியம் என்பது கொஞ்சம் ஓவர்). இந்த மேஜையில் செல்போன் சார்ஜரிலும் ஒரு சிவப்புப் பொட்டு எரிவதை இப்போதுதான் கவனிக்கிறேன். பிடுங்கிவிட்டேன்.

பெரிய மனது பண்ணி எல்லாவற்றையும் மறந்து ஒரு போன் செய்யுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அவர் அதை உங்களைக் கேட்காமலே வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாக விரும்பும்,
லிஃப்ட் மெக்கானிக் (ஓய்வு)

பி.கு.: என் மனைவி இதைப் படித்துவிட்டாள். ஒன்பது நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை, “கிழிங்க.” கிழிக்க மனசில்லை. உங்களுக்கு நான்கே வரியில் மரியாதையாக வேறொரு கடிதம் எழுதிவிட்டேன். இது ஆராய்ச்சிக்கூடத்துப் பெண்ணுக்குப் போகிறது. நீங்கள் படிக்கப்போவதில்லை என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாப்பிடும்போது என் மகள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நாம் எல்லோரும் குறுக்கே பேசி அதை அமுக்கிவிட்டோம். உங்கள் பையன் மட்டும் நாம் ஓயும்வரை காத்திருந்து, அவளைப் பார்த்து, “அப்புறம்?” என்று கேட்டார். இவள் போகத்தான் போகிறாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை லிஃப்ட் இல்லையாம், ‘பாப்பா’வாம். எண்ணிச் சொன்னார்கள். அவளுக்கு வயது இருபத்தாறு. அவள் போனபிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் அவ்வளவும் பேசினேன்.

பி.கு.வுக்குப் பி.கு.: சம்பந்தியம்மாவுக்கு, இது இவர் மனைவி எழுதுவது. நாலு வரிக் கடிதத்தை ஆராய்ச்சிக்கூடத்து உறையில் போட்டுவிட்டேன். இதைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன், அவருக்குத் தெரியாது. நாற்காலி, ஜோக், சூப் மூன்றும் என் கருத்து. முதல் தடவை உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நான் சொன்னவை. இவருக்கு உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. பையனைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் இவருடைய சொந்தச் சரக்கு. அதைக் கேட்ட உங்கள் பையன் நேற்று இவர் இல்லாத நேரத்தில் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து, என் பெண்ணையே பார்த்துக்கொண்டு, “எந்த மாசம் வச்சுக்கலாம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். உங்களிடம் சொன்னாரா தெரியாது. சொல்லவில்லை என்றால் இதோ நான் சொல்லிவிட்டேன். தேதியை நாம் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்வோம். இவருக்குக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.