நார்பர்ட் சொன்ன வாக்கு

"மேடையா? எனக்கு ஒண்ணும் வேண்டாம் சாறே. நான் வரல்ல" என்று சொல்லிவிட்டு, நார்பர்ட் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தார்.

சுந்தரதாஸ் விடாமல் பின்னாலேயே போனார். அன்று சாயங்காலம் பாறசாலையில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். இந்தியப் பெருங்கடலில் தேங்காய்ச் சிரட்டை மாதிரி மிதக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டின் தேசியக் கிரிக்கெட் அணிக்குக் கோச் அவர். அந்த அணி பெரிய நாடொன்றைத் தோற்கடித்த நாளிலிருந்து, அவரைக் கண்டால் ஊரில் மடித்துக்கட்டிய வேட்டியெல்லாம் மரியாதையில் தானாக இறங்கியது. வரவேற்புக் குழுவிடம் அவர் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். முதல் மாலை பொழியூர் நார்பர்ட்டுக்குப் போட வேண்டும்.

"சாறா? நீ என்னை சுந்தரம்னு கூப்பிட்டவனாக்கும். நீ அன்னைக்குச் சொன்ன வாக்குதான் மக்கா எனக்கு வாழ்க்கை தந்தது."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"'எலே, உள்ள நிக்கப்பிடாது! வெளிய போயி நில்லு! உனக்குள்ளது வெளியதான் கெடக்கு!' மறந்துட்டியா?"

நார்பர்ட் தலையைச் சொறிந்தார். "நான் அப்படியெல்லாமா பேசினேன்?"

சுந்தரதாஸுக்கு எல்லாம் நேற்று நடந்தது போல இருந்தது. எண்பத்து நாலாம் வருஷம். பொழியூர்க் கடற்கரை கிரவுண்டு. மூட்டு வலியோடு பந்து வீசிக்கொண்டிருந்தார். மாநில அணிக்குத் தேர்வாகாத துக்கம் வேறு. நொண்டியபடி ஓடத் தொடங்கிய நேரத்தில், எதிரே பேட்டோடு நின்ற நார்பர்ட் கையை உயர்த்தி அவரைத் தடுத்து, அந்த வாக்கைச் சொன்னார். சுந்தரதாஸின் நெஞ்சில் ஏதோ திறந்துகொண்டது. பந்தைக் கூட ஆடிய ஜெயச்சந்திரன் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. ஆடச் சொல்லிக்கொடுத்தார். நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடம், பல்கலைக்கழக அணி, வளைகுடா கிளப்பு, கடைசியில் அந்தத் தீவு நாடு. அங்கே வீரர்கள் உடை மாற்றும் அறையின் சுவரில் நார்பர்ட்டின் வாக்கை அந்நாட்டு மொழியில் பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். அதைத் தொட்டுக் கும்பிடாமல் ஒருத்தனும் மைதானத்துக்குள் இறங்குவதில்லை.

"பேசாண்டாம் நார்பர்ட்டே. பின்வரிசையில சும்மா இருந்தா போதும்."

"ஆரும் என்னைக் கவனிக்கப்பிடாது. அப்படின்னா வாறேன்."

சுந்தரதாஸ் சந்தோஷமாகக் கடைத்தெருவிலிருந்து ஜெயச்சந்திரனுக்குப் போன் செய்தார். விழாக் குழுத் தலைவரும் அவர்தான். "ஒரு நாற்காலி பின்னால போட்டு வையும். ஆளு ரொம்ப அடக்கம். செய்ததே ஓர்மையில்லங்கிறான்."

அங்கேதான் தப்பு நடந்தது. இப்படிப்பட்ட மகானைப் பின்வரிசையில் உட்கார வைப்பதா என்று ஜெயச்சந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் மைக் கட்டிய ஜீப்பு கடற்கரையெங்கும் முழங்கியது. "கோச்சுக்கே கோச்! பொழியூர் நார்பர்ட்! இன்று மாலை அருளுரை!"

சாயங்காலம் பொழியூரிலிருந்து லாரி லாரியாக ஆள் வந்து இறங்கியது. கூடவே கோவில் திருநாளுக்கு வாசிக்கிற பேண்டு வாத்தியக்காரர்களும். நாற்காலியெல்லாம் அவர்கள் பிடித்துக்கொள்ள, பாறசாலைக்காரர்கள் நின்றார்கள். "எங்க ஊரு விழா, நாங்க நிக்கணுமா?" என்று ஒருவர் கேட்க, "குரு எங்க ஊராக்கும்!" என்று இன்னொருவர் எழுந்தார். சட்டைக் கை சுருட்டப்பட்டது.

மேடையோரத்தில் நார்பர்ட் சுந்தரதாஸின் கையை இறுகப் பிடித்திருந்தார். "நடுக்கடல்ல காத்து மாறினாலும் எனக்கு இப்படி நடுங்கினதில்ல, சுந்தரம்."

"பயப்படாத. அந்த வாக்கை மட்டும் ஒருக்கா சொல்லு. எல்லாம் அடங்கிரும்."

நார்பர்ட் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அலைக்கு மேலே கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"எலே! உள்ள நிக்கப்பிடாது! வெளிய போயி நில்லு!"

முதல் வரிசை எழுந்து மரியாதையாக வெளியே போனது. இரண்டாம் வரிசையும் போனது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். விழா முடிந்துவிட்டது போலும் என்று பேண்டுக்காரர்கள் மங்களம் வாசிக்கத் தொடங்கினார்கள்.

ஜெயச்சந்திரன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். "போவாதீங்க! போவாதீங்க! அது தத்துவமாக்கும்!"

சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. திரும்பி வந்தவர்கள் கிடைத்த நாற்காலியில் இரண்டு ஊருமாகக் கலந்து உட்கார்ந்தார்கள். சண்டை போன இடம் தெரியவில்லை. சுந்தரதாஸ் அந்தக் கடற்கரை ஆட்டத்தின் கதையை முழுவதும் சொன்னார். மூட்டு வலியையும், துக்கத்தையும், எதிரணிக்காரன் ஒருத்தன் காட்டிய வழியையும் ஒன்றுவிடாமல் விவரித்தார். மாலையை எடுத்து நார்பர்ட்டின் கழுத்தில் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல, மக்கா" என்றார் நார்பர்ட், மாலைக்குள் முகத்தைப் புதைத்தபடி. "ஆனா ஒண்ணு. ஜெயிச்ச கப்புக்குக்கூட எனக்கு ஆரும் மாலை போட்டதில்ல. நல்லாயிரு."

கூட்டம் கலைந்ததும் ஊர்க்காரர்கள் நார்பர்ட்டைத் தோளில் தூக்கி லாரிக்குக் கொண்டுபோனார்கள். பின்தங்கிய அவருடைய மனைவி ஜெம்மா சுந்தரதாஸின் முன்னால் கை கூப்பினாள்.

"அவரு இப்படிச் சிரிச்சு நான் கண்டதில்ல அண்ணே. உங்களுக்குக் கோடி புண்ணியம் உண்டு."

"புண்ணியம் எல்லாம் அவனுக்குத்தான் ஜெம்மா. அந்த ஒரு வாக்கு இல்லன்னா நான் இல்ல."

ஜெம்மா லாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கணவர் காதில் விழாத தூரம்தான் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு நானும் அந்தக் கிரவுண்டுல உண்டு அண்ணே. உங்களுக்கு நேர் பின்னால நின்னு புல்லு தின்னுக்கிட்டிருந்த எங்க வீட்டு ஆட்டைத்தான் இவரு விரட்டினாரு!"