தைத்துப் பார்த்து வாங்கவும்

ஒன்பதாயிரத்து முந்நூற்று ஐம்பது. பைக்கடைக்காரர் வார்க்காரருக்குத் தர வேண்டிய பழைய கூலி அது. கேட்கப் போகிற ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போடுவார், மின்விசிறியை இவர் பக்கம் திருப்பிவிடுவார், டீ வாங்கித் தருவார். பணத்தைத் தவிர வேறு எதிலும் குறை வைத்ததில்லை.

"இல்லைன்னு சொல்லலைண்ணே. புதுசா ஒரு ஆர்டர் வந்திருக்கு. தோலை வெட்டி வெளிய தைக்கக் கொடுத்திருக்கேன். பை தைச்சு வரட்டும், அன்னிக்கே உங்க கணக்கை முடிச்சுடறேன்."

"அதை எங்கிட்டயே கொடுத்திருக்கலாமே," என்றார் வார்க்காரர்.

கடைக்காரர் இவருடைய கையைப் பார்த்தார். "அது மெஷின் வேலை. நீங்க குத்தூசியால குத்திக் குத்தி முடிக்கிறதுக்குள்ள பை கேட்டவனுக்குப் பேரன் பொறந்துடுவான். ஒரு மெஷினைப் போடுங்க. அடுத்த ஆர்டர் உங்களுக்குத்தான்."

சொன்னதில் தப்பில்லை. இடுப்பு வார், செருப்பு வார், பையின் தோள் வார் என்று கையாலேயே தைத்துத் தலை நரைத்தவர் வார்க்காரர். தோலோடு மல்லுக்கட்டியதில் இப்போது வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது. காலையில் சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது. டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்து, இனிமேல் கைத்தையல் கூடாது, போட்டால் விரல் அப்படியே நின்றுவிடும், ஓய்வு கொடுங்கள் என்றார். ஓய்வெடுக்கிறவன் எதைச் சாப்பிடுவது என்று மருந்துச் சீட்டில் எழுதவில்லை.

அதனால் மெஷின்தான் வழி. புதிது வாங்க வக்கில்லை. மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தது ஐயாயிரம். அதோடு பைக்கடைக்காரர் பணமும் வந்தால் பழையதாக ஒன்று பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். பணம் வருகிறபோது வரட்டும், மெஷினை இப்போதே பார்த்து வைப்போம் என்று கிளம்பினார்.

கடை, இரும்புச் சாமான் விற்கிற தெருவின் கோடியில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. வாசலில் ஒரு பலகை: 'தோல் தைக்கும் பழைய மெஷின்கள். தைத்துப் பார்த்து வாங்கவும்.' உள்ளே மேஜையோடு மூன்று மெஷின்கள் நின்றன. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு, ஒன்று குழாய் மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தது. கடை முதலாளி பருத்த, சாந்தமான மனிதர். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, தெருவில் அவருக்குப் பெயர் 'அவசரமில்லை'. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த வார்த்தைதான்.

வார்க்காரர் ஏமாறத் தயாராக வரவில்லை. விற்கிறவர்கள் மெல்லிய தோலில் ஓட்டிக் காட்டித் தலையில் கட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அதனால் வீட்டிலிருந்தே கெட்டித் தோல் துண்டுகளையும் நூலையும் கொண்டுபோயிருந்தார். அவசரமில்லை அவற்றை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"துண்டுத் தோல்ல எந்த மெஷினும் ஒழுங்காத்தாண்ணே ஓடும். முழுசா ஒரு பையைத் தைச்சுப் பார்த்தாத்தான் அதோட குணம் வெளிய வரும். அவசரமே இல்ல. பொறுமையா பாருங்க."

உள்ளே போய், வெட்டி வைத்த தோல்களை ஒரு கட்டாகத் தூக்கி வந்தார். நல்ல தோல். இதையா வீணாக்குவது என்று வார்க்காரர் தயங்கினார். கழித்துப் போட்ட சரக்குதான், சும்மா கிடக்கிறது, தொழில் தெரிந்தவர் கை பட்டால் அதற்கும் ஒரு மதிப்பு என்றார் அவசரமில்லை. வார்க்காரருக்கு மனசு இளகிவிட்டது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு வியாபாரி.

பச்சை மெஷினில் உட்கார்ந்து மிதித்தார். ஊசி தோலுக்குள் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. அது பாட்டுக்கு மேஜைமேல் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தைத்து முடித்துவிட்டுத் தையலைத் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷம் எதற்காக இந்தப் பாடு பட்டோம் என்று இருந்தது.

மூலை வந்தது. நாலு மடிப்புத் தோல் சேருகிற இடத்தில் தையல் விட்டுவிட்டு விழுந்தது.

அதை அவசரமில்லைதான் முதலில் பார்த்தார். "நல்லவேளை. இதை உங்க தலையில கட்டியிருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. மூலையைப் பிரிச்சுட்டுக் கறுப்பு மெஷின்ல போட்டுப் பாருங்க. ஒரே பையில பார்த்தாத்தானே ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்."

கறுப்பு மெஷின் மூலையை அழகாகத் தைத்தது. ஆனால் பையின் உள்ளே புகுந்து கைப்பிடியைத் தைக்க அதனால் முடியவில்லை. அதற்கு, கை நீட்டிய மெஷினைப் பார்க்கச் சொன்னார். அது கைப்பிடியை அருமையாகப் பிடித்தது. பிடித்த கையோடு மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. அதற்குள் பை முடிந்திருந்தது, பொழுதும் சாய்ந்திருந்தது.

ஒரு பையை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்றார் அவசரமில்லை. வார்க்காரருக்கும் அது நியாயமாகப் பட்டது. மறுநாள் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். பக்கத்துக்குப் பச்சை, மூலைக்குக் கறுப்பு, கைப்பிடிக்குக் கை மெஷின் என்று மூன்று நாற்காலிக்கும் மாறி மாறி உட்கார்ந்ததில் இடுப்பு கழன்றது. தையல் கொஞ்சம் கோணினாலும் அவசரமில்லை வந்து குனிந்து பார்ப்பார். இது மெஷின் குற்றமா, கை குற்றமா என்று தெரிந்தாக வேண்டும், பிரித்துத் தையுங்கள் என்பார். கை குற்றம் என்று பெயர் வாங்க வார்க்காரருக்கு மனமில்லை. பிரித்துத் தைத்தார்.

வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மெஷின் எங்க?"

"பார்த்துக்கிட்டிருக்கேன். அவசரப்பட முடியாது."

"என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டப்ப நீங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கல."

"அதனாலதான் இப்ப யோசிக்கிறேன்."

அவள் தட்டில் குழம்பை ஊற்றினாள். செருப்புக்கடையிலிருந்து ஆள் வந்ததையும், ரெண்டு நாளாக வந்தும் இவர் வீட்டில் இல்லாததால் வார் வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னதையும் மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் வார்க்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மெஷின் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பைக்கடைக்குப் போனார். நாற்காலி, மின்விசிறி, டீ. சரக்கு இன்னும் வரவில்லை. தைக்கிற இடத்தில் ஒரே ஆள்தானாம், அந்த ஆளும் ஆமை வேகமாம்.

வார்க்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எவனோ ஒரு சோம்பேறி உட்கார்ந்து தூங்கறான், இங்க என் பொழைப்பு நிக்குது. நாலு வார்த்தை நல்லா கேட்க வேண்டியதுதானே?"

"கேட்கறேண்ணே. உங்களுக்காகவே கேட்கறேன்," என்றார் கடைக்காரர்.

அன்றைக்கென்று பார்த்து அவசரமில்லைகூடக் கொஞ்சம் அவசரப்பட்டார். இப்படி ஒரே ஆள் பார்த்தால் காலம் போய்விடும், மோட்டார் தெரிந்தவர் யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார். வார்க்காரருடைய மச்சினன் வண்டிப் பட்டறையில் வேலை செய்கிறவன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்பேனர் பெட்டியோடு வந்தான். கை மெஷினின் மோட்டாரைப் பிரித்து, காயிலைச் சுற்றி, பேரிங் மாற்றி, சாயங்காலத்துக்குள் பூனைக்குட்டி மாதிரி உறும வைத்தான். பேரிங்கும் அவன் காசு.

"இதையே எடுத்துக்கலாம் மாமா," என்றான்.

அவசரமில்லையும் சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு விலையை மூவாயிரம் ஏற்றிச் சொன்னார். கருகின மோட்டாருக்குத்தான் முதலில் சொன்ன விலை, இப்போது இது நல்ல மெஷின் ஆகிவிட்டதே என்று விளக்கினார். மச்சினன் வாயைத் திறந்தான். மாமா முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

விஷயம் வீட்டுக்குப் போனதும் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"ஆம்பளைங்க ரெண்டு பேர் போய் விலையை ஏத்திட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு நான் வர்றேன்."

வந்தாள். வந்தவள் அவசரமில்லையைப் பார்ப்பதற்கு முன்னால் மேஜைமேல் குவிந்திருந்த பைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு பையிலும் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நூல் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா பேச முடியாது. கத்தரிக்கோலை வாங்கி நூலை வெட்டிக்கொண்டே பேரம் பேசினாள். நுனியை நெருப்பில் காட்டி அமுக்கினாள். தோலில் ஒட்டின தூசியைத் துடைத்தாள். அவள் வாதம் நேரானது: மோட்டாரைச் சரி செய்தது என் தம்பி, அதற்கு எங்களிடமே காசு கேட்பது எந்த ஊர் நியாயம்? மத்தியானத்துக்குள் அவசரமில்லை இறங்கி வந்தார். பழைய விலையே போதும், பதினாலாயிரம். ஒரே ஒரு நிபந்தனை.

"வெளிய போன அப்புறம் அது சரியில்ல, இது சரியில்லன்னு வரக்கூடாதும்மா. எனக்கு மனசு கேட்காது. இருக்கிற தோல் பூராவும் தைச்சுப் பார்த்து, திருப்தியா எடுத்துட்டுப் போங்க."

இதைவிட நாணயமாக ஒருவன் எப்படிப் பேசுவான் என்று மனைவியே சொன்னாள். அன்று மூன்று மெஷினும் ஓடின. வார்க்காரர் மூலை தைத்தார். மச்சினன் கைப்பிடி தைக்கப் பழகிக்கொண்டான். மனைவி பக்கம் ஓட்டினாள், நடுநடுவே நூலை வெட்டி, பைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினாள். தகரக் கூரை காய்ந்தது. கடைசிக் கட்டுத் தோலும் தீர்ந்த பிறகுதான், மெஷினில் இனி ஒரு குறையும் இல்லை என்று அவசரமில்லை ஒப்புக்கொண்டார். பணத்தைக் கொண்டுவந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

வீட்டுக்குப் போய் மூன்று பேரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்தார்கள். மனைவி எழுந்து ஜன்னலோரம் கிடந்த பெட்டியை நகர்த்தி, மெஷினுக்கு இடம் ஒழித்தாள். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று வார்க்காரர் சொன்னார். பெட்டியை இன்னொரு தடவை நகர்த்தினாள்.

விடிந்ததும் அவர் பைக்கடைக்குப் போனார். வாசலில் ஒரு வேன் நின்றது. டிரைவரே சாக்கு சுற்றிய மூட்டைகளைத் தோளில் தூக்கி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் முகமெல்லாம் பல்லாக நின்றார். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை, டீ சொல்லவில்லை. நேராகக் கல்லாவைத் திறந்தார்.

"எண்ணிக்குங்க. ஒன்பதாயிரத்து முந்நூத்தி அம்பது. சொன்ன சொல் மாறினேனா?"

வார்க்காரர் எண்ணினார். நோட்டைப் புரட்டும்போது கட்டைவிரல் வலித்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. "ஒருவழியா அந்தச் சோம்பேறி முடிச்சுட்டானா?"

"முடிச்சுட்டான். லேட்டானாலும் தையல் சுத்தமா இருக்கு, அதையும் சொல்லணும். கேட்ட கூலியை நேத்து ராத்திரியே மெஷின் முதலாளி கையில கொடுத்துட்டேன். ஆக உங்க கடனும் தீர்ந்துது, அவர் கடனும் தீர்ந்துது."

எந்த மெஷின் முதலாளி என்று கேட்க வார்க்காரருக்குத் தோன்றவில்லை. மனசு ஜன்னலோரத்தில் இருந்தது. பணத்தை உள்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைசி மூட்டையை இறக்கிவிட்டு டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேன் காலியாக இருந்தது. வார்க்காரர் அவரிடம், இரும்புத் தெருக் கோடியில் அவசரமில்லை கடையிலிருந்து ஒரு தையல் மெஷினை ஏற்றி வீட்டில் இறக்க வேண்டும், என்ன வாடகை ஆகும் என்று கேட்டார்.

டிரைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த மூட்டையே அங்கேருந்து ஏத்திட்டு வந்ததுதாண்ணே, எப்பவும் அங்கேருந்து பைதான் வெளிய வரும், மெஷின் வந்து நான் பார்த்ததே இல்ல, மெஷின் பார்க்க வர்றவங்களை வெச்சுத்தானே அவர் பையே தைக்கிறாரு, நீங்க இன்னிக்குத்தான் புதுசா பார்க்கப் போறீங்களா?"